‘அருளர்’: தந்தையின் பெயரும் மகளின் குரலும்

தமிழ் வழக்கில் தந்தை பெயர் மகளின் பெயருக்கு முன் ஓர் எழுத்தாகச் சுருங்கும். இலண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் சிறுவயதைக் கழித்த மாதங்கி அருட்பிரகாசமோ, எம்.ஐ.ஏ. என்னும் பெயரில் 2005இல் வெளியிட்ட தம் முதல் ராப் இசைத்தொகுப்புக்குத் தந்தையின் இயக்கப் பெயரையே முழுமையாகச் சூட்டினார். ‘அருளர்’ மெர்க்குரி விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. எனினும், மேலைத் திறனாய்வாளர் சிலர் அவர் ஆயுதப் போராட்டத்தை ஆதரிக்கிறாரா என்பதையே முதன்மை வினாவாக்கினர். தலைப்பை அரசியல் அறிக்கையாக மட்டும் கொண்டதே அவ்வாசிப்பின் குறை. தந்தை பெரும்பாலும் உடனில்லாத இளமையும் ஏதிலி வாழ்வும் அப்பெயருக்குள் அடங்கியுள்ளன. 2007இல் வந்த அடுத்த தொகுப்புக்குத் தாயின் பெயரான ‘கலா’ சூட்டப்பட்டதையும் இணைத்து நோக்கினால், போர் சிதறடித்த குடும்பத்தை மகளே பெயரிட்டு ஒன்றுசேர்க்கும் முயற்சியாக ‘அருளர்’ புலப்படும்.