அபராதமும் முதல் அடியும்

அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் மேடையில் ஆடிக்கொண்டே தன் வாத்தியக்காரர்கள் பக்கம் கையை நீட்டி ஐந்து விரல்களையும் விரிப்பார். அரங்கத்துக்கு அது நடனத்தின் ஓர் அசைவு. சுரம் தப்பியவருக்கோ ஐந்து டாலர் அபராதம். கை மறுபடி விரிந்தால் பத்து. பளபளக்காத காலணிக்கும் தண்டம் உண்டு. இந்தக் கண்டிப்பிலிருந்துதான் ஃபங்க் என்ற இசைவகை பிறந்தது என்று அவரைப் போற்றுபவர்கள் சொல்வதுண்டு. அதில் பாதிதான் உண்மை.

அந்தப் பாதியை மறுக்க முடியாது. பிரவுனுக்கு இசையை எழுதத் தெரியாது. 1967-இல் ஒரு கச்சேரி முடிந்ததும் சாக்ஸபோன் கலைஞர் பீ வீ எல்லிஸை அழைத்து, தொண்டையாலேயே ஒரு தாளக்கட்டை முனகிக் காட்டினார். அதை எல்லிஸ் இசையாக விரித்து எழுத, ‘கோல்ட் ஸ்வெட்’ உருவானது. மெட்டு ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கிறது. கிட்டார், டிரம்பெட், பிரவுனின் குரல் எல்லாமே தாளவாத்தியங்களாகிவிடுகின்றன. தாளச் சுற்றின் முதல் அடியில் எல்லோரும் ஒன்றாக விழ வேண்டும். ஒருவர் இம்மி பிந்தினாலும் பாட்டு சரிந்துவிடும். இத்தகைய இசைக்குக் கறாரான ஒத்திகை தேவை; அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒத்திகை வேறு, பயம் வேறு. 1970 மார்ச்சில் சம்பளத் தகராறில் குழுவினர் பெரும்பாலோர் விலகினார்கள். பிரவுன் சின்சினாட்டியிலிருந்து இளைஞர் குழு ஒன்றை வரவழைத்தார். பாஸ் கிட்டார் வாசித்த பூட்ஸி காலின்ஸுக்கு வயது 18. அடுத்த மாதமே ‘செக்ஸ் மெஷின்’ பதிவானது. பல வருட அபராதத்தில் புடம்போடப்படாத பையன்களின் கையில் அந்த இசை பழையதைவிட இறுக்கமாகவே ஒலித்தது. பிரவுனின் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். முதல் அடியின் இலக்கணம் காதிலேயே ஊறியிருந்தது. ஆக, பலம் அவருடைய இசைச் சிந்தனையில் இருந்தது, தண்டத்தில் இல்லை. தண்டத்தால் விளைந்தது இழப்பு: பூட்ஸி ஓராண்டு போலத்தான் நீடித்தார். பிறகு ஜார்ஜ் கிளிண்டனின் பார்லமெண்ட்-ஃபங்கடெலிக் குழுவில் சேர்ந்து, அதே முதல் அடியை வேறு குதூகலத்துடன் வாசித்தார். பிரவுனின் குழுவில் ஊதிய மேசியோ பார்க்கரும் ஃப்ரெட் வெஸ்லியும்கூடப் பின்னாளில் அங்கே போனார்கள்.

1962-இல் இசைத்தட்டுக் கம்பெனி முதலாளி மறுத்தபோது சொந்தப் பணத்தைப் போட்டு அப்போலோ அரங்கக் கச்சேரியைப் பதிவு செய்தவர் பிரவுன். அந்த ஆல்பம் பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. தன் உழைப்பின் விலையை இவ்வளவு தெளிவாக அறிந்த மனிதர், உடனிருந்தவர்களின் விலையை அறிய மறுத்ததுதான் என்னை வருத்துகிறது.

‘ஃபங்கி டிரம்மர்’ பதிவைக் கேளுங்கள். தனி ஆவர்த்தனம் வேண்டாம், இருப்பதை அப்படியே வாசி என்று பிரவுன் சொல்கிறார். மற்ற வாத்தியங்கள் ஓய்கின்றன. டிரம் கலைஞர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டின் கை மட்டும் ஓடுகிறது. அந்த ஆணை ஒரு மேதையின் ஆணை. வாசித்ததும் ஒரு மேதையின் கை. அந்தச் சில விநாடிகளை வெட்டியெடுத்துத்தான் பப்ளிக் எனிமி முதல் எத்தனையோ ஹிப்-ஹாப் குழுக்கள் பாட்டுக் கட்டின. பாட்டை இயற்றியவர் என்ற இடத்திலோ பிரவுனின் பெயர் மட்டுமே இருந்தது. 2017-இல் இறந்த ஸ்டபிள்ஃபீல்டுக்கு ராயல்டியில் பங்கு வரவில்லை.