விருந்தும் விற்பனையும்

புதுமையை வெறுப்பது தமிழ் மரபன்று. நூலுக்குரிய எண்வகை வனப்புகளுள் புதுவது புனைதலையும் ஒன்றாக வைத்து, அதற்கு ‘விருந்து’ என்று பெயரிட்டவர் தொல்காப்பியர். ஆகவே, சமயத்தை மக்களிடம் கொண்டு செல்வோர் புதிய வடிவங்களை நாடுவதைக் குறையெனக் கொள்வதற்கில்லை. வந்த வடிவம் விருந்தா, விற்பனைச் சரக்கா என்பதே திறனாய்வாளன் கேட்க வேண்டிய வினா. கிறித்தவ சமயம் சார்ந்த வெகுமக்கள் கலையை இவ்வினாவைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

விருந்துக்குச் சிறந்த சான்று தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இயற்றிய ‘பெத்லகேம் குறவஞ்சி’. குறவஞ்சி அக்காலத்து மக்கள் விரும்பிக் கண்ட நாடக வகை. உலாவும் காதலும் குறி சொல்லுதலும் பறவை பிடித்தலும் நிறைந்த அவ்வடிவைச் சாஸ்திரியார் அஞ்சாமல் எடுத்தாண்டார். ஆயின், வடிவத்தைப் பொருளுக்குப் பணி செய்ய வைத்தார். தலைவி திருச்சபையைக் குறித்தாள். பறவை பிடிக்கும் தொழில் ஆன்மாக்களைச் சேர்க்கும் தொண்டாயிற்று. கேட்டவர் பழகிய இசையில் பழகாத பொருளைப் பெற்றனர். அதுவே விருந்து.

இனி, விற்பனைக்கு வருவோம். அமெரிக்கப் போதகர் சார்லஸ் ஷெல்டன் 1896இல் ஒரு கதை எழுதினார். ‘இயேசு என்ன செய்வார்?’ என்று கேளாமல் ஓராண்டுக்கு எதையும் செய்வதில்லை எனச் சிலர் உறுதி பூணுகின்றனர். அதனால் ஒரு பத்திரிகை ஆசிரியர் குத்துச்சண்டைச் செய்தியை விலக்கி வருவாய் இழக்கிறார்; இளம் பாடகி ஒருத்தி நாடகக் குழுவின் அழைப்பை மறுக்கிறாள். இழப்புக்கு அழைத்த இவ்வினாவின் ஆங்கில முதலெழுத்துகள் நான்கும் 1989இல் மிச்சிகன் மாநிலத்துத் திருச்சபை ஒன்றின் இளைஞர்க்காகக் கைப்பட்டையில் நெய்யப்பட்டன. அடுத்த பத்தாண்டுகளில் அப்பட்டை உலகச் சந்தையின் மோகப் பொருளாயிற்று. மனத்தைக் குடைய வேண்டிய கேள்வி மணிக்கட்டுக்கு அணியாயிற்று. அணிந்தவருள் உண்மையாகக் கேட்டவரும் இருந்திருப்பர். ஆயினும், சந்தைக்கு வேண்டியது கேள்வியின் விடையன்று. அடுத்த பட்டையின் விலையே.

நம் சிங்கையிலும் இதற்குச் சான்றுகள் உள்ளன. ஆர்ச்சர்ட் சாலையில் கிறிஸ்துமஸ் ஒளியூட்டு 1984இல் தொடங்கியது. 2018இல் டிஸ்னி நிறுவனத்தின் கேலிச்சித்திர உருவங்கள் அவ்விளக்குகளின் கருப்பொருளாயின. பிறந்தநாளுக்குரியவரே விழாவில் காணப்படாத அந்நிலை குறித்துச் சிங்கப்பூர்த் தேசியத் திருச்சபைகள் மன்றம் தன் ஏமாற்றத்தைத் தெரிவித்தது. அது நியாயமே. ஆனால், கடைவீதி கடைவீதியாக நடந்துகொண்டதில் வியப்பில்லை. திருச்சபையே கடைவீதியின் அளவுகோலைக் கையிலெடுப்பதே ஆழ்ந்து எண்ணத்தக்கது.

சிட்டி ஹார்வெஸ்ட் திருச்சபை 2002இல் தொடங்கிய ‘கிராஸ்ஓவர்’ திட்டம் அத்தகையது. ஆலயத்துக்கு வாராதவரைப் பாப் இசையால் சென்றடைவது அதன் நோக்கம். நிறுவனப் போதகர் கோங் ஹீயின் துணைவியார் சன் ஹோ அதன் பாடகி. திட்டத்தின் பொருட்டும், பின்னர் அதனை மறைக்கும் பொருட்டும் சபையின் ஏறத்தாழ 5 கோடி வெள்ளி முறைகேடாகக் கையாளப்பட்டதெனக் கோங் ஹீ உள்ளிட்ட அறுவர் 2015இல் குற்றவாளிகளெனத் தீர்ப்பாயிற்று. மேல்முறையீட்டில் 2017இல் தண்டனைகள் குறைந்தன. பாடகியார் மீது வழக்கு இல்லை.

அவ்வழக்கை மீண்டும் விசாரிப்பது திறனாய்வின் வேலையன்று. ஆனால், அறுவரும் தம் சொந்த ஆதாயத்துக்காக அதனைச் செய்யவில்லை என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது நம் சிந்தனைக்குரியது. பேராசை இல்லாத இடத்திலும் வணிகம் புகும் என்பதே இதன் பாடம். பாட்டின் வெற்றியை இசைத்தட்டு வரிசையில் எத்தனையாம் இடம் என்று அளக்கத் தொடங்கினால், அவ்விடத்தைப் பிடிப்பதே ஊழியமாகிவிடும். 2007இல் வெளிவந்த ‘சைனா வைன்’ ஆடலுக்குரிய பாடல். அதில் நற்செய்தியைத் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். சாஸ்திரியார் குறவஞ்சியை ஆலயத்துக்கு அழைத்து வந்தார். இங்கோ ஆலயம் அரங்கத்துக்குப் போய், தன் சொல்லை வாயிலிலேயே விட்டுச் சென்றது.

ஜான் பனியன் 1678இல் எழுதிய மோட்சப் பயணக் கதையிலே எல்லாம் விலைக்குக் கிடைக்கும் ஒரு சந்தை வருகிறது. அங்கே எதையும் வாங்க மறுத்த பயணிகள் தண்டிக்கப்படுகின்றனர். அக்கதையைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894இல் ‘இரட்சணிய யாத்திரிக’த்தை நமக்குக் காப்பியமாக அளித்தார். சந்தையை எதிர்த்த கதையும் தமிழில் உண்டு. மக்கள் வடிவை ஆண்ட புலமையும் தமிழில் உண்டு. ஓஃபிர் சாலையில் 1888இல் தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழுந்த லூர்து அன்னை ஆலயமும், ஷார்ட் ஸ்ட்ரீட் தமிழ் மெதடிஸ்ட் ஆலயமும் குட்டி இந்தியாவுக்கு அருகிலேயே உள்ளன. அவ்வாலயங்களுக்குச் செல்லும் நம் மாணவர்க்கு இச்செல்வம் தமிழ் வகுப்பிலும் கிடைக்க வேண்டாவா?

புதிய மெட்டைக் கேட்டவுடன் முகம் சுளிப்பது ஆசிரியர்க்கு அழகன்று. “இம்மெட்டு சொல்லைச் சுமக்கிறதா, சொல்லை விழுங்குகிறதா?” என்று கேட்க மாணவரைப் பழக்குவதே நம் கடமை. அவ்வினா கிறித்தவர்க்கு மட்டும் உரியதன்று. தீபாவளிக் காலத்துச் சிராங்கூன் சாலை விளக்குகளின் கீழும் அதனைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.