கவர்னரின் காகிதங்கள்

டைரியிலும் கடிதத்திலும் மனிதன் பொய் சொல்வதில்லை என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே வெகுநாளாக இருந்து வருகிறது. ஒரு எழுத்தாளனின் நாவலில் அகப்படாத நேர்மையை அவன் இறந்த பிறகு வெளியாகும் அந்தரங்கக் குறிப்புகளில் தேடுகிறோம். இந்த நம்பிக்கை எனக்கும் உண்டு. அதைச் சந்தேகிக்க வைத்தவர் இலக்கியவாதி அல்ல, ஒரு கவர்னர்: பர்மாவின் ஸர் ரெஜினால்ட் டார்மன்-ஸ்மித்.

அவருடைய சொந்தக் காகிதங்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை வைத்து மாரிஸ் காலிஸ் 1956இல் ‘லாஸ்ட் அண்ட் ஃபர்ஸ்ட் இன் பர்மா’ என்ற நூலை எழுதினார். காலிஸும் பர்மாவில் ஐ.சி.எஸ். உத்தியோகம் பார்த்தவர்தான். நான் கவர்னரை அறிந்தது அந்த நூலின் வழியே.

சேம்பர்லின் மந்திரிசபையில் விவசாய மந்திரியாக இருந்த டார்மன்-ஸ்மித் 1941 மே மாதம் ரங்கூனில் பதவி ஏற்றார். டிசம்பர் 23இல் ஊரின் மீது முதல் குண்டு விழுந்தது. 1942 மார்ச் 8இல் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. கவர்னர் வடக்கே பின்வாங்கி மிச்சினா வரை போனார். அங்கேயே இருந்துவிட நினைத்தவரை லண்டன் உத்தரவிட்டு மே மாதத் தொடக்கத்தில் விமானத்தில் வெளியேற்றியது. பிறகு 1945 வரை சிம்லாவில், ஆள்வதற்கு நாடில்லாத ஒரு சர்க்காருக்குத் தலைவர். நடந்தது ஏன் நடந்தது என்று எழுதி விளக்க வேண்டிய நிலையும், அதற்கு வேண்டிய அவகாசமும் அவருக்கு அங்கே சேர்ந்தே வாய்த்தன.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் சொல்லும் காட்சி ஒன்று. ரங்கூனில் கடைசி இரவு. நூற்றுக்கு மேல் வேலைக்காரர்கள் இருந்த மாளிகை காலியாகிவிட்டது. சாப்பாட்டுக்குப் பின் கவர்னரும் உடனிருந்தவர்களும் பில்லியர்ட்ஸ் ஆடுகிறார்கள். சுவரிலிருந்து முன்னாள் கவர்னர்களின் படங்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. பந்துகளை எடுத்து அந்தப் படங்களின் மீது வீசுகிறார்கள்.

முதலில் படித்தபோது இது எனக்குப் பிடித்திருந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு பாங்கில் லெட்ஜர் எழுதுகிறவனுக்கு இந்த மாதிரித் தன்னெள்ளல் சுலபமாகப் பிடித்துவிடும். சாம்ராஜ்யத்தின் முடிவை இதைவிடச் சுருக்கமாக ஒரு நாவலாசிரியனும் காட்டிவிட முடியாது என்றுகூட நண்பர்களிடம் சொன்னேன். இப்போது எனக்குப் படுவது வேறு. தன்னையே கேலி செய்துகொள்கிறவனிடம் நாம் மேற்கொண்டு கணக்குக் கேட்பதில்லை. தோல்வியை அழகாக ஒப்புக்கொண்டதும், அந்தத் தோல்விக்கு யார் விலை கொடுத்தார்கள் என்ற கேள்வி நின்றுபோகிறது. இதில் பொய் ஒன்றும் இல்லை. வாசகனை எங்கே பார்க்க வைக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

1931 ஜனத்தொகைக் கணக்குப்படி ரங்கூனில் பாதிப் பேருக்கு மேல் இந்தியர்கள். துறைமுகமும் ரிக்‌ஷாவும் துப்புரவும் அவர்கள் கையில். தமிழர், தெலுங்கர், ஒரியர். டிசம்பர் குண்டுவீச்சுக்குப் பின் ப்ரோம் சாலையில் ஓடியவர்களை, துறைமுகம் நின்றுபோகும் என்பதால் சர்க்கார் திருப்பி அழைத்து வந்தது. கப்பலில் டெக் பிரயாணத்துக்கும் தடை. பிறகு சர்க்காரே போய்விட்டபோது, ஏறத்தாழ நாலைந்து லட்சம் பேர் அரக்கான் வழியாகவும் தாமு வழியாகவும் இந்தியாவை நோக்கி நடந்தார்கள். காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்கள் பல்லாயிரம். வெள்ளையருக்கு ஒரு வழி, கறுப்பருக்கு ஒரு வழி என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. பில்லியர்ட்ஸ் காட்சி நினைவில் நிற்கிறவனுக்கு ப்ரோம் சாலை நினைவில் நிற்பதில்லை. இரண்டும் ஒரே மனிதரின் ஆட்சியில் நடந்தவை.

அந்த வழியில் நடந்த தமிழ் எழுத்தாளர் ஒருவர் நமக்கு இருக்கிறார். வெ. சாமிநாத சர்மா ரங்கூனில் பத்தாண்டுகள் இருந்தவர், ‘ஜோதி’ பத்திரிகையின் ஆசிரியர். 1942இல் மனைவியோடு வந்து சேர்ந்தார். ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ நாம் கொண்டாடும் வகை நூல் அல்ல. அதில் படிமம் இல்லை, அகத்தேடல் இல்லை. ஒரு பத்திரிகைக்காரரின் நிதானத்தோடு ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போகிறார். யாரிடமும் தன்னை நியாயப்படுத்த வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. இதனால்தான் அதை நம்ப முடிகிறது. ஆனால் சர்மா படித்தவர், நாலு பேருக்குத் தெரிந்தவர். வழியில் விழுந்த கூலியின் நடை அவருடைய நடை அல்ல. அதை அவர் தலையில் சுமத்துவதும் நியாயமில்லை.

சுமக்க வேண்டியது நாம். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் வெளிவந்தது. யுத்த காலத் தென்கிழக்காசியாவைத் தமிழ் நாவல் தாங்கும் என்று அவர் காட்டினார், நாம் வெகு தாமதமாகக் கவனித்தோம். ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘மா-னீ’ 1982இல் வந்தது, பர்மாவையே களமாகக் கொண்டது. ‘புத்தம் வீடு’ பற்றி நம் வட்டத்தில் எழுதியதில் கால்பங்கு இதைப் பற்றி எழுதியிருப்போமா? அனுபவம் அனுபவம் என்று சொல்கிற நாம், ஆங்கிலத்தில் வந்த கவர்னரின் அனுபவத்தை முதலில் படித்தோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சென்ற மாதம் நங்கநல்லூரில் என் கவுண்டருக்கு ஒரு பெரியவர் வந்தார். பிளாஸ்டிக் உறையில் ஒரு ரங்கூன் தபாலாபீஸ் சேமிப்புப் புத்தகம். இதற்கு இங்கே ஒன்றும் செய்ய முடியாதே சார் என்றேன். “பணத்துக்கு வரல தம்பி. அப்பாவோடது. என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க, போதும்” என்றார். அப்பா அரிசி மில்லில் வேலை பார்த்தவர். நடந்து வந்தோம் என்பதற்கு மேல் வீட்டில் ஒன்றும் சொன்னதில்லையாம். படித்தேன். மூன்று ரூபாய், ஐந்து ரூபாய், இரண்டு ரூபாய் என்று மாதாமாதம் வரவு. ஒரே ஒரு முறை பதினைந்து ரூபாய் பற்று. அது எதற்கென்று பெரியவருக்குத் தெரியவில்லை. கடைசி வரவு 1941 நவம்பர்.

அதுவும் சொந்தக் காகிதம்தான். அதற்குக் காட்லாக் எண் கிடையாது, அதை வைத்து நூல் எழுத ஒரு காலிஸும் வரப்போவதில்லை. இந்த மாதிரி ஒன்று வீட்டில் இருப்பவர்களை நாம் எல்லோரும் அறிவோம். அடுத்த இதழுக்கு ஒரு கவிதையைக் குறைத்துக்கொண்டு, அப்படி ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டு இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்கிறேன். நான் அந்தப் பெரியவரிடமிருந்து தொடங்கியிருக்கிறேன்.