தட்டில் வைப்பதும் மடியில் வைப்பதும்

யாழ்ப்பாணத்தில் குழந்தைக்கு முதல் பல் தெரிந்ததும் கொழுக்கட்டை அவிப்பார்கள். பல்லுக்கொழுக்கட்டை என்று பெயர். வறுத்த அரிசிமாவைச் சுடுநீர் விட்டுக் குழைத்து, உள்ளே பயறும் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் வைத்துப் பிறைபோல மடித்து, விளிம்பில் தேங்காய்ச் சொட்டைப் பல்வரிசையாகச் செருகி அவித்தெடுப்பது. பிள்ளையை நடுவில் உட்காரவைத்துத் தலைக்கு வெள்ளைத் துணி போட்டு, சின்னச் சின்னக் கொழுக்கட்டைகளை மேலிருந்து கொட்டுவார்கள். அது முடிந்ததும் ஒரு தட்டு வரும். அதில் புத்தகம், பேனை, நகை, காசு, நெல், கத்தரிக்கோல் எல்லாம் இருக்கும். பிள்ளை தவழ்ந்துபோய் முதலில் எதைத் தொடுகிறதோ அதில் அதன் பிற்காலம் இருக்கிறது என்று சுற்றி நிற்பவர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

தமிழ்நாட்டிலும் பல் முளைத்தால் கொழுக்கட்டை செய்கிற வீடுகள் உண்டு. குப்புற விழுந்தால் ஒரு பண்டம், வாசற்படி தாண்டினால் ஒரு பண்டம் என்று குழந்தையின் ஒவ்வொரு அசைவுக்கும் அடுப்பு மூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் ஊரைக் கூட்டிச் செய்யும் சடங்கு மொட்டையும் காதுகுத்தும்தான். குலதெய்வக் கோயிலுக்குப் போய்ப் பிறந்த முடியை இறக்கி, தலையில் சந்தனம் பூசி, தாய்மாமன் மடியில் உட்காரவைத்து ஆசாரியைக் கொண்டு காது குத்த வேண்டும். தோடு மாமன் வாங்கிவர வேண்டும். தட்டுவரிசையும் அவர் வீட்டிலிருந்துதான் வரவேண்டும்.

நான் சென்னை சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் ஒரு கடையில் கணக்கு பார்க்கிறேன். என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பாரிமுனை இரும்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். ஜார்ஜ் டவுன் நெரிசலைக் குறைக்க சிஎம்டிஏ இங்கே இருநூறு ஏக்கருக்கு மேல் நிலம் ஒதுக்கி இரும்புக் கடைகளை வடக்கே நகர்த்தியபோது, கடையோடு அவரும் வந்தார். என் மனைவியின் பெற்றோர் 1990இல், இலங்கையில் சண்டை மறுபடி மூண்ட நாட்களில், யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்துப் பக்கமிருந்து புறப்பட்டுப் படகில் இராமேசுவரம் இறங்கியவர்கள். மண்டபம் முகாமில் பதிவு முடித்துக் கும்மிடிப்பூண்டி முகாமுக்கு வந்துசேர்ந்தார்கள். மனைவி அங்கே பிறந்தவள். எங்கள் மகளுக்கு இப்போது கீழ் ஈறில் வெள்ளையாக ஒரு பல் தெரிகிறது. “பிள்ளைக்குப் பல்லு வந்திட்டுது தம்பி, கொழுக்கட்டை கொட்டவேணும்” என்கிறார் மாமியார். “முதல்ல சாஸ்தா கோயில்ல முடி இறக்கணும்யா” என்கிறார் அம்மா. இரண்டும் நடக்கத்தான் போகின்றன, அதில் சண்டை இல்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆரம்பித்ததிலிருந்து என் யோசனை வேறெங்கெல்லாமோ போய்க்கொண்டிருக்கிறது.

முதலில் என் மனம் தட்டின் பக்கம்தான் சாய்ந்தது. ஒரு வயது நிரம்பாத குழந்தையை நடுவில் வைத்து, “உனக்கு என்ன வேண்டும், நீயே எடு” என்று ஒரு குடும்பமே வாய் மூடி நிற்பது பெரிய காரியம். அதன் பிறகு வாழ்நாள் முழுக்க யாரும் அவளிடம் அப்படிக் கேட்கப்போவதில்லை. பள்ளிக்கூடம், பாடப்பிரிவு, கல்யாணம் எல்லாவற்றுக்கும் நாங்கள் குறுக்கே வந்து நிற்போம். எங்கள் காதுகுத்திலோ குழந்தையிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அழ அழப் பிடித்துக் குத்திவிடுகிறோம்.

இந்தத் தட்டு ஈழத்தவர்க்கு மட்டும் உரியதும் அல்ல. ஆந்திரத்திலும் வங்கத்திலும் முதல் சோறு ஊட்டும் நாளில் புத்தகமும் பேனாவும் மண்ணும் வைத்துப் பார்க்கிறார்கள். கொரியாவில் முதல் பிறந்தநாளில் நூலும் தூரிகையும் பணமும் வைக்கிறார்கள். நூலை எடுத்தால் நீண்ட ஆயுள். யாழ்ப்பாண வழக்கத்துக்கு மிகவும் நெருக்கமானது ஆர்மீனியருடையது. முதல் பல் வந்ததும் குழந்தையின் தலைக்குத் துணி போட்டு, வேகவைத்த கோதுமையைத் தூவி, பிறகு பொருள்களைப் பரப்பி எடுக்கச் சொல்கிறார்கள். என் அப்பா வேலை பார்த்த கடையிலிருந்து அரண்மனைக்காரன் தெருவில் 1772இல் கட்டிய ஆர்மீனியர் தேவாலயம் நடந்துபோகும் தூரம். அந்தத் தெருக்களில் வணிகம் செய்த ஆர்மீனியக் குடும்பங்களின் பிள்ளைகள் தலையிலும் கோதுமை விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஆர்மீனியரும் ஊரை விட்டு விரட்டப்பட்டு உலகெங்கும் சிதறியவர்கள். இந்தச் சடங்கு சிதறியவர்களிடம் பிழைத்துக் கிடப்பதற்குக் காரணம் இருக்கிறது. இதற்குக் கோயில் வேண்டாம், குளம் வேண்டாம், பூசாரி வேண்டாம், சொந்த மண்ணும் வேண்டாம். கொஞ்சம் மாவும் ஒரு தட்டும் போதும். கும்மிடிப்பூண்டியில் பத்துக்குப் பத்து அறையில் நடந்த இதே சடங்கு இன்று டொரொண்டோவில் மண்டபம் பிடித்து, படப்பிடிப்போடு நடக்கிறது. எங்கள் சடங்குக்கு அந்த வசதி இல்லை. அதற்குக் குறிப்பிட்ட கோயில் வேண்டும். தென்மாவட்டத்துக் குடும்பங்களுக்குப் பங்குனி உத்திரத்தன்று ஒவ்வொருவருக்கும் உரிய சாஸ்தா கோயிலுக்குப் போயாக வேண்டும். எங்கள் சந்தையில் அந்த வாரம் பாதிக் கடை ஆள்கள் ரயிலிலும் பஸ்ஸிலும் இருப்பார்கள். மடி கொடுக்க மாமனும் நேரில் இருக்க வேண்டும். சென்னைக்கு வந்து இரண்டு தலைமுறை ஆன பின்னும் எங்களுக்கு ஊர் என்று ஒன்று மிச்சமிருப்பது இந்தக் கட்டாயத்தால்தான். நகராமல் இருந்தவர்கள் உண்டாக்கிய சடங்கு அது. நகர வேண்டியிருந்தவர்களோடு தட்டு கூடவே போயிருக்கிறது.

தட்டில் என்ன வைப்பது என்பது எளிய கேள்வி அல்ல. பிள்ளை தானாக எடுக்கிறது என்கிறோம். ஆனால் பெரியவர்கள் வைத்ததில் ஒன்றைத்தானே அதனால் எடுக்க முடியும்? மாமியார் புத்தகத்தைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வைப்பார் என்று இப்போதே தெரிகிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்து, பல்கலைக்கழகக் கதவு தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒடுங்கியதைப் பார்த்த வீடு அது. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்த வீடு. அந்தப் புத்தகத்துக்குள் அவ்வளவும் இருக்கிறது. என் அப்பா உயிரோடு இருந்திருந்தால் ஒரு துண்டு டிஎம்டி கம்பியைத் தட்டில் வைக்கச் சொல்லியிருப்பார். வைக்கத்தான் போகிறேன். சில வீடுகளில் பெண்பிள்ளை என்றால் சீப்பையும் கண்ணாடியையும் கூட்டி வைத்து, கத்தியை எடுத்துவிடுகிறார்கள். அது எனக்கு ஒப்பவில்லை. எங்கள் சந்தையில் எடைமேடையிலும் லோடு ஏற்றும் இடத்திலும் பெண்களைக் காண முடியாது, பில் போடும் மேசையில் மட்டும் சிலர் இருக்கிறார்கள். தட்டிலேயே கம்பி இல்லாவிட்டால் அவள் கை அதன்மேல் எப்படிப் படும்?

தட்டில் வைக்க முடியாத பொருள்களை நினைக்கும்போதுதான் எனக்குத் தூக்கம் போகிறது. சாத்தாங்காட்டிலிருந்து மேற்கே மணலி, வடக்கே எண்ணூர். மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969இலிருந்து ஓடுகிறது. 2017 ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, ஆட்கள் வாளியால் அதைக் கரையிலிருந்து அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. படகும் வலையும் அலையாத்தி மரங்களும் கறுத்தன. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்துக்கருகில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

இதை மாமியாரிடம் சொன்னால் அவர் சுன்னாகத்தைச் சொல்கிறார். யாழ்ப்பாணத்துக்கு வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கும் மழைநீர்தான் கிணறாக வந்து குடிக்கவும் வெங்காயத்துக்கு இறைக்கவும் உதவுகிறது. சுன்னாகத்து அனல்மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் நிலத்தில் இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது 2014, 2015இல் பெரும் பிரச்சினையாக வெடித்தது. வழக்கு இலங்கை உச்சநீதிமன்றம் வரை போனது. 2019இல் மின் நிலைய நிறுவனம் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. மாமியார் பிறந்த வீட்டுக் கிணறும் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. என் மகளுக்கு இரண்டு வழியிலும் வந்துசேரும் நீரில் எண்ணெய் இருக்கிறது. ஒரு வித்தியாசமும் உண்டு. குடாநாட்டில் குடிக்கும் கிணறே கெட்டதால் ஊர் ஒன்றாக எழுந்தது. இங்கே குடிநீர் லாரியிலும் கேனிலும் வந்துவிடுவதால், ஆறு கெட்டது மீனவர் பாடு என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்கிறோம். கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் இறாலைக் கையால் தடவிப் பிடிக்கும் ஆட்களோடு நாங்களும் போய் நின்றிருந்தால் இன்னும் கொஞ்சம் சத்தம் கேட்டிருக்கும். இரும்புச் சந்தைக்காரர்களாகிய எங்களுக்கு அந்தக் கடமை இருக்கிறது. துறைமுகத்தாலும் ஆலையாலும் சோறு தின்கிறவர்கள் நாங்கள்.

மடியின் பக்கம் என் மனத்தைத் திருப்பியது குடியுரிமைச் சட்டம். இந்திய மண்ணில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர்களுக்குப் பிறப்பே போதுமானதாக இருந்தது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு கொடுக்கும்படி 2022இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது இந்த அடிப்படையில்தான். அந்தத் தேதிக்குப் பின் பிறந்தவர்க்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருக்க வேண்டும் என்றானது. 2004 டிசம்பர் 3க்குப் பின் பிறப்பவர்களுக்கு இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும் என்று மேலும் இறுகியது. படகேறி வந்தவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகளாக வைத்தே மத்திய அரசு பேசிவந்திருக்கிறது. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழர்களுக்குத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து 2025 செப்டம்பரில் விலக்குக் கிடைத்தது. அது நிம்மதிதான், ஆனால் குடியுரிமை ஆகாது. அக்கரையில் 1948ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்கத்திலேயே மண்ணை விட்டுப் பரம்பரையைக் கேட்டது. தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பல லட்சம் மலையகத் தமிழர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள்.

இரண்டு நாடுகளும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. நீ யார் பிள்ளை? நான் இந்தியன், மனைவி முகாமில் 1987க்குப் பின் பிறந்தவள். மகளின் பிறப்புச் சான்றிதழில் எங்கள் இரண்டு பெயரும் இருக்கின்றன. அந்தக் காகிதம் அவளை எந்த நாட்டின் பிள்ளை ஆக்குகிறது என்று வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டபோது, விண்ணப்பம் போடுங்கள், காத்திருங்கள் என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது அம்மா சொன்ன வார்த்தைக்கு எனக்குப் புது அர்த்தம் தெரிந்தது. “முடி இறக்கிக் காது குத்துனாத்தான் இவ நம்ம பிள்ளைன்னு சாஸ்தாவுக்குத் தெரியும்யா.” நீ யார் பிள்ளை என்ற கேள்வியைச் சாஸ்தாவும் கேட்கிறார். ஆனால் அவர் தேதி பார்ப்பதில்லை. அப்பன் வழியில் ஒரு கோயில், தாய் வழியில் ஒரு மடி, இரண்டுக்கும் சாட்சியாகப் பந்தியில் உட்காரும் ஊர். இவ்வளவும் சேர்ந்து, இவள் எங்கள் பிள்ளை என்று வாய்விட்டுச் சொல்கிறது. தட்டில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று மகளிடம் நான் சொல்லலாம். மருத்துவர் குழல் எடுத்தாலும் கம்பி எடுத்தாலும், கல்லூரி விண்ணப்பத்தில் நாடு என்ற கட்டத்தை நிரப்பாமல் அவளால் அதைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. தேர்வு செய்வதற்கு முன்னால் அவள் எங்காவது சேர்ந்தவளாக இருந்தாக வேண்டும். அழும் குழந்தையைப் பிடித்துவைத்துச் செய்கிற எங்கள் சடங்கை இனி நான் குறைத்துப் பேசமாட்டேன்.

மனைவிக்கு இரண்டு அண்ணன்மார். மூத்தவர் டொரொண்டோவில் இருக்கிறார், தோட்டுக்குப் பணம் அனுப்பிவிட்டார். இளையவர் முகாமிலிருந்து பெயிண்டிங் வேலைக்குப் போகிறவர், மடி அவருடையதுதான். முகாமில் தணிக்கை நாளன்று ஆள் நேரில் இருக்க வேண்டும், வெளி மாவட்டத்தில் இரவு தங்கப் போனால் அனுமதி வேண்டும். பங்குனி உத்திரத்துக்குத் திருநெல்வேலி போய்வர மூன்று நாள் கேட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். காரணம் என்ற இடத்தில் ‘தங்கை மகளுக்குக் காதுகுத்து, நான் தாய்மாமன்’ என்று எழுதியிருக்கிறார்.