45 டிகிரி மோகம்

நைட்டித் துணிக்குள் இவ்வளவு இருக்கிறது என்று யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கக் கூடாதா! கையகலச் செம்பருத்தி, பக்கத்தில் மயில்கழுத்து நீலத்தில் ஓர் இலை, இடையில் எதற்கென்றே தெரியாத மஞ்சள் சுழி. கண்ணைக் குத்தும் அந்த அச்சுத்துணியைப் பூவுக்குப் பூ நேராக எட்டு அடுக்காக வைத்து, 45 டிகிரி முனையுள்ள முக்கோணமாக வெட்டி, எட்டு முனைகளையும் ஒரே புள்ளியில் கூட்டிப் பாருங்கள். செம்பருத்தி காணாமல் போய்விடும். அதன் ஒற்றை இதழின் ஓரம் எட்டாகப் பெருகி நட்சத்திரமாக நிற்கும். நீல இலை அதைச் சுற்றி வளையமாக ஓடும். டிசைன் போட்டவருக்கே அடையாளம் தெரியாது. இரண்டு இஞ்ச் தள்ளி அடுத்த முக்கோணத்தை வெட்டினால் முற்றிலும் வேறொரு பூ! கொழிஞ்சாம்பாறையில் என் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து நான் தனியாகக் கைதட்டிக்கொண்டதை வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இப்படித் துண்டு சேர்த்துத் தைக்கும் போர்வைக்குக் கலைடாஸ்கோப் குவில்ட் என்று பெயர். சின்ன வயதில் மூன்று கண்ணாடிப் பட்டைகளைச் சேர்த்துக் கட்டி, வளையல் உடைசல் போட்டுச் சுழற்றிப் பார்த்தோமே, அதே வித்தைதான். ஸ்காட்லாந்துக்காரரான டேவிட் புரூஸ்டர் அந்தக் குழாய்க்கு 1817-ல் காப்புரிமை வாங்கினார். இரண்டு கண்ணாடிகளை 60 டிகிரியில் நிறுத்தினால் ஆறு பங்கு தெரியும், 45 டிகிரியில் எட்டு. துணியில் கண்ணாடியின் வேலையைக் கத்தி செய்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம். கண்ணாடியில் ஒன்றுவிட்டு ஒரு பங்கு இடவலம் மாறித் தெரியும். அடுக்கி வெட்டிய துணியில் எட்டும் ஒரே பக்கம் பார்க்கும், அதனால் பூ சுழல்வதுபோல் இருக்கும். கண்ணாடியில் பார்ப்பது அப்படியே வேண்டுமென்றால், இடமும் வலமும் ஒத்த ஒரு பூவை முக்கோணத்தின் நடுக்கோட்டில் உட்காரவைத்து ஒவ்வொன்றாக வெட்டவேண்டும். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியைச் சேர்ந்த பாலா நேடல்ஸ்டர்ன் இதில் ராட்சசி. 1996-ல் வந்த அவருடைய ‘கலைடாஸ்கோப்ஸ் அண்ட் குவில்ட்ஸ்’ புத்தகத்தின் படங்களில் தையல் எங்கே ஓடுகிறது என்று தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

எல்லாரும் நிறத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், தையலைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் சொல்கிறேன், முழு அழகும் வெட்டில்தான். வெட்டு சரியாக இருந்தால் தையல் தானாக வரும். எட்டு முக்கோணம் சேர்ந்து 360 டிகிரி. ஒவ்வொன்றும் ஒரே ஒரு டிகிரி அதிகமானால் மொத்தத்தில் 8 டிகிரி மிச்சம். துணி பப்படம் மாதிரி ஓரமெல்லாம் அலையடிக்கும். ஒரு டிகிரி குறைந்தால் நடுவில் கூம்பாக எழும்பும், இஸ்திரிப் பெட்டியால் எவ்வளவு அழுத்தினாலும் படியாது. தையலும் கால் நூல் (ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு) உள்ளே போனால் ஒரு முக்கோணத்துக்கு இரு பக்கமும் சேர்த்து அரை நூல் போயிற்று. எட்டுக்கு நாலு நூல், அதாவது சுற்றளவில் அரை இஞ்ச். ரவிக்கையில் அரை இஞ்ச் இழுத்துப் பிடித்துச் சமாளிக்கலாம். இங்கே கதை நடக்காது.

அதனால் முதலில் வெட்டுவதற்கான அச்சு. 8 இஞ்ச் சதுரக் கட்டத்துக்கு 4½ இஞ்ச் உயரமுள்ள முக்கோணம் வேண்டும்: மையத்திலிருந்து ஓரம்வரை 4 இஞ்ச், தையலுக்கு மேலே 2 நூல், கீழே 2 நூல். மேல்முனை கூராக இருக்கக் கூடாது, மழுங்கலாக இருக்கவேண்டும். கூராக விட்டால் எட்டு வால்கள் நடுவில் குவிந்து மெஷின் ஊசி திணறும். அடிப்பக்கம் 4 இஞ்சுக்கு அரை நூல் கூட வரும். இதை அட்டையில் வெட்டாதீர்கள். கத்தி பட்டுப் பட்டு அட்டை தேய்ந்து, பத்தாவது வெட்டில் வேறு அளவாகிவிடும். எங்களுக்குக் கோயம்புத்தூர் கூப்பிடு தூரம். அங்கே பெயர்ப்பலகை செய்யும் லேசர் கடையில் 3 மி.மீ. அக்ரிலிக்கில் மேலே 45 டிகிரி, கீழே இரண்டு பக்கமும் 67½ டிகிரி என்று எழுதிக் கொடுத்து வெட்டி வாங்கினேன். அந்தக் கண்ணாடித் துண்டை நான் நகைபோல் வைத்திருக்கிறேன்! அச்சு சரியா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். அதை வைத்து வெட்டிய இரண்டு காகித முக்கோணங்களைச் சேர்த்தால் ஒரு புத்தகத்தின் மூலை அதில் அச்சாகப் பொருந்தவேண்டும். நான்கு சேர்ந்தால் நேர்க்கோடு.

கத்திரிக்கோலையும் மறந்துவிடுங்கள். கத்திரி கீழ் அடுக்கைத் தூக்கித்தான் வெட்டும், அதிலேயே இழை நகர்ந்துவிடும். உருளும் வட்டக்கத்தி வேண்டும். ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979-ல் கொண்டுவந்தது; 45 மி.மீ. விட்டமுள்ளது போதும், பிளேடு மட்டும் புதிதாக இருக்கவேண்டும். எட்டு அடுக்கிலும் அதே மகரந்தம், அதே இலைநுனி வழியாகக் குண்டூசி இறங்குகிறதா என்று பாருங்கள், பிறகு வெட்டுங்கள். முழுப் பன்னாவுக்கும் 4½ இஞ்ச் பட்டை. அதில் அச்சைத் தலைகீழும் நேருமாக மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே போகலாம்.

முக்கோணத்தின் சாய்ந்த பக்கங்கள் இரண்டும் பாவுக்கும் ஊடைக்கும் நேராக இல்லாததால் தொட்டாலே இழுபடும். ரவிக்கைக்குக் கிராஸ் கட்டிங் போடுகிறவர்களுக்கு இது தெரியும். மருந்து நம் அடுப்படியிலேயே இருக்கிறது, சோறு வடித்த கஞ்சி. வெட்டுவதற்கு முன் துணியைத் துவைத்து, மொடமொடப்பாகக் கஞ்சி போட்டு, இழுக்காமல் அழுத்தி மட்டும் இஸ்திரி போடுங்கள். துணி காகிதமாகிவிடும். எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் கஞ்சித்துணி சீக்கிரம் காய்ந்துவிடும். என்ன, வெட்டி வைத்த முக்கோணங்களையும் அதே காற்று தெருவுக்கு அனுப்பிவிடும். மூணாறு எஸ்டேட்டில் இருக்கும் என் தோழி போனில் புலம்புகிறாள்: “இங்க மழைக்குக் கஞ்சி காயவே மாட்டேங்குதுக்கா, காஞ்சதும் மறுபடி தொவண்டு போகுது.” அவளுக்கு நான் சொன்ன வழி, நீர்க்கக் கரைத்த கஞ்சியைத் தெளித்து இஸ்திரிச் சூட்டிலேயே காயவைத்து, உடனே வெட்டுவது.

தைப்பது சுருக்கம். மெஷின் தகட்டில் ஊசியிலிருந்து 2 நூல் தள்ளி ஒரு டேப் ஒட்டிக்கொண்டு அதன் ஓரமாகவே ஓட்டவேண்டும். இரண்டிரண்டாக, பிறகு நான்கு நான்காக. நான்கு சேர்ந்ததும் ஸ்கேலை வைத்துப் பார்த்து, இரு பாதிகளையும் இணைக்கும் கடைசி நீளத் தையல்.

இப்போது என் உச்சகட்டப் பெருமை. கிழிந்துபோன பழைய செட்டு முண்டின் கசவுக் கரையை முக்கோணத்தின் அடிப்பக்கத்துக்கு இணையாக வைத்து வெட்டினேன். எட்டும் சேர்ந்ததும் தங்க ஜரிகையில் ஒரு முழு எண்கோணம்! கால் நூல் பிசகினாலும் கரை முறிந்து தெரியும் இடம் அது, எங்கும் முறியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் மட்டும் வருத்தத்தோடு, “ஏனுங்க்கா, நல்ல செட்டு முண்டைப் போய் வெட்டிப்போட்டீங்களே” என்றாள். கட்டமாக விரித்துக் காட்டினேன். இப்போது அவள் வீட்டு அலமாரியும் காலியாகிக்கொண்டிருக்கிறது.

எண்கோணத்தைச் சதுரமாக்க நான்கு மூலைக்கும் செங்கோண முக்கோணங்கள் வேண்டும். இதற்கு அச்சுத்துணி கூடாது, அமைதியான நிறம்தான் எடுக்கும். நான் மூணாறு அரண்யாவின் சாயத்துணியை வைத்தேன். எஸ்டேட் குடும்பங்களைச் சேர்ந்த மாற்றுத்திறனாளிகள் தேயிலைக் கழிவு, யூகலிப்டஸ் இலை போன்றவற்றில் சாயம் தோய்க்கும் இடம் அது. விலை நைட்டித் துணியோடு ஒப்பிடக் கூடியதல்ல. மூலைக்கு மட்டும் என்பதால் தாங்கும். அந்த மங்கல் பழுப்பு பக்கத்தில் வந்ததும் பூக்கள் முன்னால் எழுந்து நிற்கின்றன. நான்கு கட்டங்கள் கூடும் இடத்தில் மூலைகள் சேர்ந்து இன்னொரு சதுரம், தூரத்தில் நின்று பார்த்தால் போர்வை முழுக்க வட்டங்கள். வளைவாக ஒரு வெட்டுகூட இல்லை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை!

துணிக்கணக்கையும் சொல்லிவிடுகிறேன். உருளைத் திரையில் அச்சாகும் துணிகளில் டிசைன் பெரும்பாலும் 64 செ.மீ.க்கு ஒருமுறை திரும்பி வரும். கையால் அச்சிட்ட துணி இதற்கு ஒத்துவராது, ஒரு பூவுக்கும் அடுத்ததற்கும் மயிரிழை மாறும். எட்டு அடுக்குக்கு 5.12 மீட்டர், துவைத்தால் சுருங்கும், ஐந்தரையாக வாங்குங்கள். 44 இஞ்ச் பன்னாவில் ஒரு பட்டைக்கு 18 பூ, ஐந்து பட்டைக்கு 90. ஒன்பதுக்குப் பத்தாகக் கோத்தால் 72-க்கு 80 இஞ்ச், ஒரு பெரிய கட்டிலுக்குப் போதும். கோயம்புத்தூர் ஒப்பணக்காரத் தெருவில் போய்ப் பெரிய பூப்போட்டது, பார்டர் இல்லாதது, ஒரே துண்டாக ஐந்தரை மீட்டர் என்று கேளுங்கள். எத்தனை நைட்டி என்று கடைக்காரர் கேட்பார். இரண்டு என்று சொல்லிவிடுங்கள். விளக்க ஆரம்பித்தால் கடைசி பஸ் போய்விடும்.