மறக்க முடியாத சர்ச்சை

தமிழில் நடந்த இலக்கியச் சர்ச்சைகளில் மறக்க முடியாதது எது என்று கூடலூரில் சில வாசக நண்பர்கள் கட்சி பிரிந்து பேசக் கேட்டேன். பாரதி மகாகவியா என்று 1930களில் வ.ரா.வும் கல்கியும் எதிரெதிரே நின்றதைச் சொன்னார் ஒருவர். 1959-ல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து'வில் புதுக்கவிதை பற்றி எழுந்த வாதங்களைச் சொன்னார் இன்னொருவர்.

எதில் காரம் அதிகம் என்று பார்த்து இதை நிர்ணயிக்க முடியாது. காரம் சீக்கிரம் ஆறிவிடும். சர்ச்சை ஓய்ந்த பிறகு கையில் மிஞ்சியது என்ன என்று பார்க்கவேண்டும். முதலாவதில் கு.ப.ரா.வும் சிட்டியும் எழுதிய 'கண்ணன் என் கவி' (1937) மிஞ்சிற்று; இரண்டாவதில் 'புதுக்குரல்கள்' (1962) தொகுப்பு. இரண்டும் லாபந்தான்.

ஆனால் என் ஓட்டு மூன்றாவது ஒன்றுக்கு. சாதாரண ஜனங்களின் பேச்சு இலக்கியத்தில் வரலாமா என்று 1960களின் தொடக்கத்தில் இலங்கையில் பண்டிதர்களும் முற்போக்கு எழுத்தாளர்களும் மோதினார்கள். அந்தப் பேச்சை 'இழிசனர் வழக்கு' என்றது ஒரு கட்சி. மற்ற இரண்டு சர்ச்சைகளும் கவிதையைப் பற்றியவை. இது, யாருடைய வாய்க்குக் கதையில் இடம் உண்டு என்பதைப் பற்றியது.

இதன் அருமை கூடலூரில் நன்றாகப் புரியும். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து இங்கே தேயிலை பறித்தவர்களின் தமிழை ஒதுக்கிவிட்டு இந்த மலையைப் பற்றி நாவல் எழுதலாம். அதில் மூடுபனி இருக்கும், மனிதர்கள் இருக்கமாட்டார்கள்.