நீலக் கண்களுக்காக ஒரு மன்றாட்டு

மகளின் அழகைப் புகழ்ந்தால் அவளது தன்மதிப்பு வளரும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இவ்வெண்ணத்தை ஐயுற வைக்கும் நாவல், டோனி மாரிசன் 1970-இல் வெளியிட்ட 'தி புளூயஸ்ட் ஐ'. 1993-இல் நோபல் பரிசு பெற்ற இக்கறுப்பினப் பெண்மணி, பன்னிரண்டாம் வயதில் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தவர். 'டோனி' என்பது திருமுழுக்கில் அவர் ஏற்ற அந்தோனியாரின் பெயர்ச் சுருக்கமே. நீலக் கண்கள் வேண்டுமென்று பள்ளித் தோழி ஒருத்தி சொன்னதே இக்கதைக்கு வித்தாயிற்று.

அமெரிக்காவின் லொரெய்ன் நகரில் வாழும் கறுப்பினச் சிறுமி பெக்கோலா, நீலக் கண்கள் கேட்டு இரவுதோறும் இறைவனிடம் மன்றாடுகிறாள். படைத்தவரிடமே தன் முகத்தை மாற்றித் தரக் கேட்கும் இம்மன்றாட்டை அவளுக்குக் கற்பித்தவர் யார்? தாய் பாலின், திரையரங்குகளில் அழகின் அளவுகோலைக் கற்றவள்; அக்கோலால் தன் பச்சிளங்குழந்தையையும் அளந்து, அழகற்றவள் என்று தீர்த்தவள். அவள் வேலை செய்யும் வீட்டில் சூடான பழப் பண்டம் பெக்கோலாவின் கால்மீது கொட்டிவிடுகிறது. தாயோ மகளை அடித்து விரட்டிவிட்டு, அழும் வெள்ளைக்காரக் குழந்தையைத் தேற்றுகிறாள். அக்குழந்தை அவளைச் செல்லப் பெயரால் அழைக்கிறது. பெற்ற மகளோ 'திருமதி பிரீட்லவ்' என்றே அழைக்கிறாள்!

கதை சொல்லும் கிளாடியாவின் தாய் வாய் ஓயாமல் கடிந்துகொள்பவள். மகளின் அழகை அவள் புகழ்ந்ததாக நாவலில் இல்லை. ஆயினும், நோயுற்ற மகளின் மார்பில் விக்ஸ் தடவுகிறாள். நள்ளிரவில் வந்து போர்வையைச் சரிசெய்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். அக்கைகளை அறிந்த கிளாடியாவே, கிறிஸ்துமஸ் பரிசாக வந்த நீலக்கண் பொம்மையை உடைத்துப் பார்க்கத் துணிகிறாள். நாவலின் நுட்பம் இங்கேயே உள்ளது. தன்மதிப்பைத் தருவது புகழுரை அன்று. தான் வேண்டப்பட்டவள் என்ற உறுதியே.

ஆனால், தாயை மட்டும் குற்றவாளியாக்குவது நாவலுக்கு நாம் இழைக்கும் அநீதி. வறுமை, இனவெறி, தந்தையே இழைக்கும் கொடுமை ஆகிய யாவும் சேர்ந்தே பெக்கோலாவின் மனத்தைச் சிதைக்கின்றன. அக்கொடுமையை மறைக்காது கூறும் இந்நூல் முதிர்ந்த வாசகர்களுக்கே உரியது.

வாசகர்கள் பெக்கோலாவுக்காக இரங்குகிறார்களேயன்றித் தங்களைக் கேள்வி கேட்டுக்கொள்வதில்லை என்று மாரிசன் 1993-இல் எழுதிய பின்னுரையில் வருந்தினார். அதைத் தம் நாவலின் குறையாகவே கண்டார். அக்குறை நூலினுடையது மட்டுமா? பிறந்த பெண்மகவைக் காணச் சென்று, நலம் கேட்குமுன் நிறம் கேட்பவர்கள் நாம்தாமே! அக்கேள்வியை நாம் நிறுத்தும் வரை, ஏதோ ஓர் அறையில் ஒரு சிறுமி வேறொரு முகம் கேட்டு முழந்தாளிட்டுக்கொண்டுதான் இருப்பாள்.